போலீஸ்காரர் பத்திரப்படுத்திய நாடகங்கள்

பழைய நாடக நோட்டீஸ்களில் எல்லாம் இருக்கும், வருஷம் மட்டும் பல சமயம் இருக்காது. ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார், பபூன் யார், ஆர்மோனியம் யார், நாற்காலிக்கு எவ்வளவு, பெஞ்சுக்கு எவ்வளவு, தரைக்கு எவ்வளவு, பெண்களுக்குத் தனி இடம் உண்டா என்று விலாவாரியாகப் போட்டிருப்பார்கள். சனிக்கிழமை, 14ஆம் தேதி, இரவு 9.30 மணி. எந்த வருஷத்துச் சனிக்கிழமை என்று சொல்ல வேண்டிய அவசியம் அச்சடித்தவருக்கு இல்லை. அவருக்கு வேண்டியது அந்த ஒரு ராத்திரிக் கூட்டம். மறுநாள் காலையில் அந்தத் தாளில் வேர்க்கடலை மடித்துக் கொடுத்திருப்பார்கள்.

சென்னையின் நாடக வரலாற்றைத் தேடிப் போகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்ளும் வித்தை இந்த வருஷம் கண்டுபிடிப்பதுதான். தேதியும் கிழமையும் ஒத்துவரும் ஆண்டுகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்து, ஆறு, பதினொரு வருஷ இடைவெளிகளில் அவை திரும்பத் திரும்ப வரும். பிரமோதூத, ஆங்கிரச என்று தமிழ் வருஷப் பெயர் போட்டிருந்தால் அதிர்ஷ்டம். அறுபது வருஷத்துக்கு ஒரு முறைதான் அது திரும்பும், தாத்தா காலமா பேரன் காலமா என்பது பார்த்தாலே தெரிந்துவிடும். மின்சார விளக்கு வெளிச்சம் என்று பெருமையடித்திருந்தால் அது ஒரு துப்பு. நடிகரின் பெயருக்கு முன்னால் பட்டம் சேர்ந்துவிட்டதா, கூட நடிப்பவர் யார் என்பது இன்னொரு துப்பு. கடைசியில், அடி ஓரத்தில் எறும்பு மாதிரி ஓடும் அச்சகத்தின் பெயர்.

அந்த அச்சகத்தின் பெயர் அங்கே இருப்பது அச்சகத்தார் விளம்பரப் பிரியர்கள் என்பதால் அல்ல. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள், நூல்கள் பதிவுச் சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தியது. 1857 கலகத்துக்குப் பிறகு யார், எங்கே, எதை அச்சடிக்கிறார்கள் என்று அரசுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அதே சட்டத்தின் கீழ் புத்தகங்களின் பிரதிகளை அரசிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது; எத்தனை பக்கம், எத்தனை படி, என்ன விலை என்ற விவரங்களோடு மூன்று மாதத்துக்கு ஒரு பட்டியல் அரசிதழோடு வெளியாகி வந்தது. இன்று பத்தொன்பதாம் நூற்றாண்டு நாடக நூல் ஒன்று உண்மையில் அச்சானதா என்று பார்க்க வேண்டுமானால் அந்தப் பட்டியல்தான் கைகொடுக்கிறது. நூல் போய்விட்டது, பட்டியலில் வரி நிற்கிறது.

இந்த ஊரின் நாடகத்தைச் சேர்த்து வைத்தவர்கள் பெரும்பாலும் நாடகக்காரர்கள் அல்ல. வேறு ஏதோ வேலைக்காக எழுதி வைத்தவர்கள், வேறு ஏதோ பயத்தில் பூட்டி வைத்தவர்கள், சும்மா ஆசையில் பொறுக்கி வைத்தவர்கள். எனக்கு இதில் வருத்தம் இல்லை, ஆச்சரியம்தான். ஆனால் யார் வைத்தார்கள் என்பதைப் பொறுத்துத்தான் எது மிஞ்சியிருக்கிறது என்பதும் அமைந்திருக்கிறது. அதை மறந்துவிட்டு இந்தக் காகிதங்களைப் படித்தால் தப்பான சித்திரம் கிடைக்கும்.

ஆசையில் பொறுக்கியவர்களில் முதல் பெயர் ரோஜா முத்தையா. 1905இல் பிறந்தவர், செட்டிநாட்டுக் கோட்டையூர்க்காரர், விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். பழைய புத்தகக் கடைகளில் ஆரம்பித்து, கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, பாட்டுப் புத்தகம், நாடக நோட்டீஸ் என்று மற்றவர்கள் அடுப்பில் போடுகிற சமாசாரங்களையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992இல் அவர் காலமானபோது ஏறக்குறைய ஒரு லட்சம் உருப்படிகள் இருந்தன. சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது; ஆனால் கப்பலேற்றிக்கொண்டு போகாமல் சென்னையிலேயே வைத்து, ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக்கி, நுண்படம் எடுக்கும் வேலையைத் தொடங்க உதவியது. முதலில் முகப்பேரில் இருந்தது, இப்போது தரமணியில்.

ஆக, தலைநகரத்தின் நாடகச் சுவடுகளில் ஒரு பெரும் பங்கு பிழைத்தது நானூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு செட்டிநாட்டு ஊரில். அது தற்செயலும் இல்லை. அந்தக் காலத்து நாடகக் கம்பெனிகளுக்குச் சென்னை ஒரு முகாம், அவ்வளவுதான். வால்டாக்ஸ் ரோடு ஒற்றைவாடை தியேட்டரில் சில மாதம், பிறகு மதுரை, காரைக்குடி, கொழும்பு. செட்டிநாட்டில் பணம் இருந்தது, ரசனை இருந்தது. பாரிமுனை அச்சகத்தில் அடித்த பாட்டுப் புத்தகம் கோட்டையூர்ச் சந்தைக்குப் போய்ச் சேர்ந்த வழி அதுதான். சென்னையில் தங்கியவை கரையானுக்கும் வாடகை வீட்டுக்கும் இரையாயின. நாலு வருஷத்துக்கு ஒரு தரம் வீடு மாற்றுகிறவர்கள் எதைத்தான் வைத்துக்கொள்ள முடியும்?

பயத்தில் பூட்டி வைத்தவர்கள் விஷயத்துக்கு வருகிறேன். எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரே காந்தி இர்வின் சாலையில் இருக்கும் செங்கல் கட்டடம், தமிழ்நாடு ஆவணக் காப்பகம். மதராஸ் ரெக்கார்ட் ஆபீஸ் என்ற பெயரில் 1909இல் அங்கே குடியேறியது. அங்கே 'நாடகம்' என்று ஒரு தனி அலமாரி இருக்கும் என்று நினைத்துப் போகக் கூடாது. அட்டவணைத் தொகுதிகளைப் புரட்டி, பொதுத்துறை, உள்துறை, ரகசியக் கோப்பு என்று துறை துறையாகத் தேட வேண்டும். நாடகம் அங்கே கலையாக இல்லை, சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாக இருக்கிறது.

காரணம் 1876ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம். கல்கத்தாவில் வேல்ஸ் இளவரசரின் வருகையை ஒட்டி நடந்த சங்கதியைக் கேலி செய்து ஒரு நாடகம் போட, அரசுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அவதூறு, ராஜத்துவேஷம், ஆபாசம் என்று எதைக் கருதினாலும் அந்த நாடகத்தைத் தடுக்கலாம், முன்கூட்டியே பிரதியைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம் என்று அதிகாரம் எடுத்துக்கொண்டது. ஒத்துழையாமைக் காலத்தில் இங்கே அதற்கு நல்ல வேலை. தெ.பொ. கிருஷ்ணசாமிப் பாவலரின் 'கதரின் வெற்றி' மாதிரியான நாடகங்கள் வந்துவிட்டன. புராண நாடகம் போடுகிறவர்களும் சும்மா இருக்கவில்லை. வள்ளி திருமணத்தில் தினைப்புனத்துப் பறவைகளை விரட்டும் காட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். வள்ளி கவண் எடுத்து விரட்டுகிற வெள்ளைக் கொக்கு யார் என்று தரை டிக்கெட்டில் உட்கார்ந்திருந்தவனுக்கும் தெரியும், ஓரத்தில் நின்ற போலீஸ்காரருக்கும் தெரியும். 'கொக்கு பறக்குதடி பாப்பா' என்று பாடியே பலமுறை சிறைக்குப் போனவர் எஸ்.எஸ். விசுவநாததாஸ். 1940 டிசம்பர் 31 இரவு சென்னை ராயல் தியேட்டரில், முருகன் வேஷத்தில் மயில்மேல் அமர்ந்து பாடிக்கொண்டிருக்கும்போதே உயிர் பிரிந்தது.

இந்த மாதிரிப் பாட்டுக்காரர்களுக்கு அரசு வைத்த கண்காணிப்புதான் இன்றைக்கு நமக்குச் சாசனம். எந்த ஊர், எந்தக் கொட்டகை, என்ன பாடினார், கூட்டம் எப்படி என்று கீழதிகாரி மேலதிகாரிக்கு எழுதினார். தமிழ்ப் பத்திரிகைகளில் வந்ததை வாராவாரம் இங்கிலீஷில் சுருக்கி அரசுக்கு அனுப்பிய சுதேசிப் பத்திரிகை அறிக்கைகளிலும் நாடகச் செய்திகள் தலைகாட்டும். மூலப் பத்திரிகையே அழிந்துபோன இடங்களில் அந்தச் சுருக்கம் மட்டும் இருக்கிறது. ரசிகன் கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். சம்பளத்துக்காகக் கேட்டவர்தான் எழுதி வைத்தார்.

இதை ஒரு சுவாரசியமான முரண் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட எனக்கு மனமில்லை. போலீஸ் காது எதைக் கேட்கும்? அரசியலைக் கேட்கும். ஒரு ராகத்தை எப்படி இழைத்தார், பபூன் எந்த ஜோக்குக்குச் சிரிப்பு வாங்கினார் என்பதெல்லாம் அறிக்கையில் வராது. சிரத்தையாகப் புராணம் பேசி, ஒரு வரி அரசியலும் பேசாமல் முப்பது வருஷம் நடித்த ஒரு ஸ்திரீபார்ட், இந்தக் கோப்புகளைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை. போதாக்குறைக்கு, கொடுத்த பிரதி ஒன்று, மேடையில் பேசியது இன்னொன்று. இதில் சூரர் எம்.ஆர். ராதா. அன்றைய காலைப் பேப்பரில் வந்த செய்தி அன்று இரவு வசனமாகிவிடும். அவருடைய ராமாயண நாடகம் கிளப்பிய புயலில்தான் 1954இல் சென்னை மாநிலத்துக்கென்றே ஒரு நாடகச் சட்டம் வந்தது. அந்தக் காலத்துக் கோப்பில் ஒரு பிரதியைப் பார்த்தால் அதை நாடகம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அது அனுமதிக்காகத் தயாரித்த நல்லபிள்ளை வேஷம்.

நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்கிறது சுகுண விலாச சபை. 1891இல் பம்மல் சம்பந்த முதலியாரும் நண்பர்களும் தொடங்கியது. பெல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லுவின் சரஸ வினோதினி சபை சென்னைக்கு வந்து போட்ட நாடகங்கள்தான் தூண்டுதல். வக்கீல்கள், படித்த உத்தியோகஸ்தர்கள் கூடிய அமெச்சூர் சபை. சம்பந்த முதலியாரே பிற்காலத்தில் நீதிபதியாக இருந்தவர். காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி அங்கே 'மனோகரா'வில் நடித்திருக்கிறார். இவர்கள் மேடை, சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் பக்கத்து விக்டோரியா பப்ளிக் ஹால்; ராபர்ட் சிஷோம் வரைபடத்தில், நம்பெருமாள் செட்டி கட்டியது. விடிய விடிய நடந்த நாடகத்தை மூன்று மணி நேரத்துக்குள் அடக்கியதும், நாடகக்காரன் என்றால் முகம் சுளித்தவர்களைக் குடும்பத்தோடு வரவழைத்ததும் இந்த சபை.

படித்தவர்கள் என்பதால் இவர்கள் எழுதி வைத்தார்கள். சம்பந்த முதலியாரின் 'நாடகமேடை நினைவுகள்' சுதேசமித்திரனில் தொடராக வந்து ஆறு பாகமாக நூலானது. யார் யாருக்கு வேஷம் மறுக்கப்பட்டது, எந்த ஊருக்கு ரயிலில் போனோம், எவ்வளவு வசூல், எவ்வளவு நஷ்டம், எல்லாம் இருக்கிறது. கணக்கு வழக்கில் கறாரான மனிதர் என்பது பக்கத்துக்குப் பக்கம் தெரியும். எனக்கு அந்த நூலின்மேல் மிகுந்த மரியாதை. கூடவே ஒரு சந்தேகமும் உண்டு. நகரத்தின் நாடக வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் முதலில் கையில் எடுக்கிறார்கள், அதனால் சுகுண விலாச சபை இருக்கவேண்டிய அளவைவிடப் பெரிதாகத் தெரிகிறது. அதே நேரத்தில் ஒற்றைவாடையில் ராத்திரிக்கு ராத்திரி நிரம்பி வழிந்த கூட்டத்துக்கு ஆறு பாகம் எழுத ஆளில்லை.

கம்பெனிகள் எழுதி வைக்காததற்கும் காரணம் உண்டு. அவர்களுக்கு நாடகப் பிரதி என்பது மூலதனம். வெளியே போனால் அடுத்த கம்பெனி போட்டுவிடும். சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் மதுரையில் ஆரம்பித்த தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையில் சிறுவர்களுக்குப் பாடம் வாய்வழியாகவே ஏறியது. 'அபிமன்யு சுந்தரி' முழுவதையும் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று அந்தப் பையன்களில் ஒருவரான டி.கே. சண்முகம் 'எனது நாடக வாழ்க்கை'யில் சொல்கிறார். அந்த நூல் வந்தது 1972இல், சுவாமிகள் மறைந்து ஐம்பது வருஷம் கழித்து. அதற்குள் எத்தனையோ பிரதிகள் போய்விட்டன. ஸ்பெஷல் நாடகத்திலோ நடிகர்கள் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து, ஒத்திகை இல்லாமல், ராத்திரி மேடையில் சந்தித்து நடித்துவிட்டுப் போவார்கள். நாடகம் அவர்கள் தலைக்குள் இருந்தது. தெருக்கூத்துக்கு இந்த அளவுகூட இல்லை. புரிசை கண்ணப்ப தம்பிரான் சென்னைக்கு வந்து, நவீன நாடகக் குழுவான கூத்துப்பட்டறைக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்த பிறகுதான் நகரம் தன் திரௌபதை அம்மன் கோயில்களில் தலைமுறை தலைமுறையாக நடந்த ஒன்றைத் திரும்பிப் பார்த்தது.

பெண்கள் இந்த ஆவணங்களில் எங்கே என்று தேடினால், காகிதத்தைவிட அரக்குத் தட்டில்தான் அதிகம் கிடைக்கிறார்கள். கே.பி. சுந்தராம்பாளின் குரலும் எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலும் நமக்கு வந்து சேர்ந்தது கிராமபோன் கம்பெனிகளின் வியாபாரத்தால். 1930களில் வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் என்று முழு நாடகத்தையே பல தட்டுகளில் அடக்கி 'செட்'டாக விற்றார்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம். மேடையில் ரசிகர் ஒன்ஸ்மோர் கேட்கக் கேட்க அரை மணி நேரம் போகும் பாட்டு, ஊசி தட்டின் நடுவுக்கு வருவதற்குள் முடிந்தாக வேண்டும். கிட்டப்பா 1933இல் இறந்தபோது இருபத்தேழு வயதுகூட நிறைந்ததா என்று எண்ண வேண்டிய இளமை. மேடையில் அவர் நின்ற நிலையைக் காட்ட ஓடும் படம் ஒன்றும் இல்லை. அந்த மூன்று மூன்று நிமிஷங்கள்தான்.

இசைக்கும் நடனத்துக்கும் கிடைத்த அதிர்ஷ்டம் நாடகத்துக்குக் கிடைக்கவில்லை. 1927 காங்கிரஸ் மாநாட்டோடு நடந்த சங்கீத மாநாட்டில் பிறந்த மியூசிக் அகாடமி, ஆண்டுதோறும் விவாதங்களை அச்சிட்டு வைத்தது. ராக லட்சணம் பற்றி வித்துவான்கள் சண்டை போட்டது வரைக்கும் பதிவு இருக்கிறது. இத்தனைக்கும், அதே அகாடமி மேடைக்கு, பின்னால் பரதநாட்டியம் என்று பெயர் பெற்ற சதிராட்டத்தைக் கொண்டுவரப் பாடுபட்ட இ. கிருஷ்ணய்யர் ஆட்டம் கற்றுக்கொள்ளப் போனதே சுகுண விலாச சபையில் பெண் வேஷம் கட்டியதால்தான். பரதநாட்டிய வரலாற்றின் ஒரு முக்கியமான இழை நாடகக் கொட்டகையின் ஒப்பனை அறைக்குள்ளிருந்து வருகிறது என்பதை நடன விழாக்களில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது எனக்கு உண்மையாகவே கவலை தரும் பகுதி. 1920களைவிட 1970கள்தான் வேகமாக அழிந்துகொண்டிருக்கின்றன என்று நினைக்கிறேன். ஒய்.ஜி. பார்த்தசாரதியின் யு.ஏ.ஏ. (யுனைடெட் அமெச்சூர் ஆர்டிஸ்ட்ஸ்), பாலசந்தரின் ராகினி ரிக்ரியேஷன்ஸ், சோவின் விவேகா, பிறகு காத்தாடி ராமமூர்த்தி, கிரேஸி மோகன் என்று சபா நாடகம் கொடிகட்டிப் பறந்த காலம்; மறுபக்கம் 1977இல் கூத்துப்பட்டறை, 1978இல் ஞாநியின் பரீக்ஷா. கார்பன் வைத்துத் தட்டச்சு செய்த பிரதிகள், அச்சிட்ட அழைப்பிதழ்கள், கேசட்டுகள். காகிதம் மட்டம், கார்பன் எழுத்து மங்கும், கேசட்டின் நாடாவில் சென்னைப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்கும். 1930களின் அரக்குத் தட்டு கீழே போட்டால்தான் உடையும். 1980களின் கேசட் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும்போதே செத்துவிடுகிறது.

1954 சட்டத்தின் முக்கியப் பிரிவுகளை 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்குப் போட்டவர் ஞாநி. நாடகம் போட போலீஸிடம் பிரதி கொடுத்துக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது ஒழிந்ததில் சந்தோஷப்படாத நாடகக்காரர் இருக்க முடியாது. லண்டனில் 1968இல் இதே மாதிரித் தணிக்கை ஒழிந்தபோது, 1824 முதல் லார்ட் சேம்பர்லேன் அலுவலகத்தில் சேர்ந்திருந்த பிரதிகள் நூலகத்துக்குப் போய், இன்று ஆராய்ச்சியாளர்களுக்குப் பொக்கிஷமாக இருக்கின்றன. இங்கே காவல்துறைக்குக் கொடுத்த பிரதிகள் அப்படி ஒரு வாசிப்பு அறைக்கு வந்து சேர்ந்ததை நான் பார்த்ததில்லை. இனிமேல் கட்டாயமும் இல்லை. கட்டாயம் இல்லாமல் தானாகக் கொண்டுபோய்க் கொடுக்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டதா என்றால், அதுவும் இல்லை.

திருவல்லிக்கேணியில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். சபா நாடகங்களுக்குப் பல வருஷம் ப்ராம்ப்டர். பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் டார்ச்சோடு நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவர். அவரிடம் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய நோட்டுகள் இருக்கின்றன. என்னைப் பொறுத்தவரை எழுத்தாளரின் சுத்தப் பிரதியைவிட அவை மதிப்பானவை. எந்த வசனத்தை எந்த ஊரில் வெட்டினார்கள், எந்த இடத்தில் கைதட்டல் வரும் என்று எத்தனை எண்ணிக்கை நிறுத்தினார்கள், லைட் எப்போது அணைந்தது, யார் வராத அன்று யார் அந்த வேஷம் போட்டார் என்பதெல்லாம் பென்சிலில் இருக்கிறது. மேடையில் நிஜமாக நடந்தது அந்த நோட்டில்தான்.

"இதையெல்லாம் யார் சார் படிக்கப் போறா? இது சரித்திரமா?" என்றார்.

"மாமா, இதுதான் சரித்திரம். பிளாஸ்டிக் கவரில் மட்டும் போட்டு வைக்காதீங்கோ, வேர்த்துப் போயிடும். ரப்பர் பேண்டை எடுத்துடுங்கோ, ஒட்டிக்கும். லாமினேட் பண்ண யாராவது கேட்டா கொடுக்கவே கொடுக்காதீங்கோ."

"வருஷம் எழுதணுமா?"

"தனித் தாளில் பென்சிலில் எழுதி உள்ளே வையுங்கோ. ஞாபகம் இருக்கிற வரைக்கும்."

தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்கு ஒரு வண்டி வைத்து எடுத்துக்கொண்டு போகிறேன், ஸ்கேன் செய்துவிட்டுத் திருப்பித் தருகிற மாதிரிக்கூடப் பேசிப் பார்க்கலாம் என்று சொன்னேன். தலையாட்டினார். அவருடைய பெண் அடுத்த மாசம் ஊரிலிருந்து வருகிறாளாம், வந்ததும் அவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றார். இப்போதைக்கு நான்கைந்து நோட்டுகளுக்கு வருஷம் போட்டுவிட்டதாக நேற்று போனில் சொன்னார். ஒரு நோட்டில் மட்டும் 1974ஆ 1976ஆ என்று குழப்பமாம், அன்று மழையில் பாதி சபா காலி என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறதாம்.